உச்சி வெயிலில் எடுத்த படம்

அத்தியாயம் 6

மார்லா பெனிங் அழவில்லை. தேடப் போயிருந்த நாற்பது பேருக்கும் சாண்ட்விச் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கத்தி ரொட்டியை அறுத்த வேகத்தைப் பார்த்து நான் சமையல் மேடையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றேன்.

"ஷெரிஃப் கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டார் கோரா.

"ஹெலிகாப்டர் ரெண்டு மணி வரைக்கும்தான் நமக்காம். அதுக்குள்ள ஒரே ஒரு இடத்தச் சொன்னா பறக்குமாம். 'மலையில எங்கயோ இருக்கார்'னு சொன்னா பறக்காதாம். நாலு மணிக்குப் பனி ஆரம்பிக்குது. ரெண்டடி கொட்டும்னு ரேடியோவுல சொல்லிட்டான்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. கோரா உட்காரவில்லை. வந்ததிலிருந்து ஜன்னலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். கோரா லிண்ட்வால் என் முதலாளி. இருபத்தாறு வருடம் மொன்டானா மாநிலத்தின் வேட்டைக் காவலராக இருந்து, இந்த ஊரில் பாதிப் பேரைத் திருட்டு மானோடு பிடித்தவர். இப்போது தூண்டில் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் மெர்ல், அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, கதவைத் தட்டுவது, வாயாடுவது மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை.

விஷயம் இதுதான். மார்லாவின் கணவன் ஹோய்ட், சனிக்கிழமை விடியற்காலை எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பினான். ஞாயிறு இரவு திரும்பியிருக்க வேண்டும். இன்று செவ்வாய். 'செத்தகழுதை ஓடை' என்று ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தான். செத்தகழுதை ஓடையில் நேற்று காலையிலிருந்து கால் வைக்காத இடமில்லை. அவனும் இல்லை, அவனுடைய நீல டிரக்கும் இல்லை.

"உங்களுக்குள்ள எல்லாம் சரியாத்தானே போயிட்டிருந்துச்சுன்னு ஷெரிஃப் நாசூக்கா கேட்டார்" என்றாள் மார்லா. "அப்புறம் இன்னும் நாசூக்கா, ஹோய்ட்டுக்கு வேற ஊர்ல யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு கேட்டார்."

"ஓடிப்போறவன் என்னெல்லாம் எடுத்துட்டுப் போயிருக்கான்?" என்றார் கோரா.

"துப்பாக்கி, எல்க் அனுமதிச் சீட்டு, ரெண்டு நாள் சாப்பாடு. பல் தேய்க்கிற பிரஷ் இங்கயே இருக்கு."

"அப்படின்னா பொம்பள விஷயம் இல்ல" என்றேன் நான். "பேஸ்ட் வாசனைக்கு எல்க்தான் ஓடும். எந்தப் பொண்ணும் ஓட மாட்டா."

மார்லா என்னைப் பார்த்தாள். கத்தி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. பிறகு ஒரு இழுப்பறையைத் திறந்து, கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்து மேசையில் உதறினாள். சோப்புக்கட்டி அளவில் ஓர் ஆரஞ்சு நிறக் கருவி உருண்டு விழுந்தது.

"கிறிஸ்மஸுக்கு நான் வாங்கிக் குடுத்தது. ஃபோன் எடுக்காத எடத்துல கூட பட்டன அமுக்கினா எங்க இருக்கான்னு எனக்குச் செய்தி வரும். நேத்துதான் இத இங்க பாத்தேன். பத்து மாசமா தினமும் பையில இருக்குன்னு சொல்லிட்டிருந்தான், கோரா. உயிரக் காப்பாத்தற சாமான சாக்ஸுக்குள்ள சுத்தி வெச்சுட்டு எவனாவது போவானா?"

கோரா முதல் முறையாக நின்றார்.

"போவான். அது அவன் இருக்கற எடத்தக் காட்டிக் குடுத்துடும்ல? மார்லா, அவன் உன்கிட்டயிருந்து ஓடல. ஒரு எடத்த மறைக்கறான். அவன் எங்க உக்காந்து மேப்புல மலையப் பாப்பான்?"

"கீழ. பிப்ரவரியிலருந்து அக்டோபர் வரைக்கும் அங்கதான். இங்க பனி கொட்டிட்டிருக்கும், அவன் கீழ வெறும் கால்ல உக்காந்துட்டு மலை ஏறிட்டிருப்பான்."

*

கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஹோய்ட்டின் சாம்ராஜ்யம். ஒரு பழைய நாற்காலி, கதவளவு பெரிய திரை, அதற்கு மேலே சுவரில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு படம். கம்ப்யூட்டரைத் தட்டியதும் சாட்டிலைட் மேப் விரிந்தது. எந்த நிலம் அரசாங்கத்துடையது, எது தனியாருடையது என்று நிறம் நிறமாகப் பிரித்திருந்தது. அதன் மேல் அம்மை போட்டதுபோல எங்கு பார்த்தாலும் இடம் குறிக்கும் பின்கள்.

"இருநூத்திப் பன்னெண்டு" என்று எண்ணிக்கையைப் படித்தேன். "மனுஷன் மலைய சல்லடையா துளைச்சு வெச்சிருக்கான். பாஸ், பாருங்க, நம்ம வேலை முடிஞ்சுது! திறந்ததுமே செத்தகழுதை ஓடைதான் வருது. நாப்பது பின் இருக்கு. 'பெரிய கொம்பு', 'அருமையான எடம்', 'இங்கதான் படுக்கும்'..."

"அதனாலதான் அவன் அங்க இல்ல."

"ஏன்?"

"மெர்ல், உன் ஃபோன்ல யார் யார் எட்டிப் பாப்பாங்க?"

"எங்க அம்மா. நீங்க. மதுக்கடையில பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கற எல்லாரும்."

"எவனாவது நல்ல எடத்துக்கு 'நல்ல எடம்'னு பேர் போட்டு அத ஃபோன்ல தூக்கிட்டு மதுக்கடைக்குப் போவானா? அது ஊருக்குக் காட்டறதுக்கு. உண்மையான எடத்துக்கு அவன் வெச்ச பேரு சப்புனு இருக்கும். தேடு."

தேடினேன். 'தண்ணி இல்ல', 'ஒண்ணும் இல்ல', 'ஒரே முள்ளு', 'வண்டி நிறுத்த எடமில்ல', 'வேஸ்ட்' என்று சப்புப் பெயர்கள் மட்டும் அறுபத்தெட்டு. நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடந்தன. அறுபத்தெட்டு இடத்துக்கு எந்த ஹெலிகாப்டரும் பறக்காது. மணி பதினொன்று ஐம்பது.

கோரா திரையைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க பிசுபிசுன்னு இருக்கு. நாலு மூலையிலயும். டேப் ஒட்டி ஒட்டி எடுத்திருக்கான். மார்லா, இது மேல எதையாவது ஒட்டி வெச்சுப் பாத்தியா?"

"துணி துவைக்க வந்தா உடனே திரைய அணைச்சிடுவான்" என்றாள் மார்லா. "நான் வேற ஏதோ பாக்கறான்னு நெனச்சு ஒரு மாசம் பேசாம இருந்தேன்."

நான் மேசையைக் குடைந்தேன். மான் அழைக்கும் ஊதல், காலி பிஸ்கட் டப்பா, வேட்டை விதிமுறைப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்குள் ஒரு கண்ணாடித் தாள் இருந்தது. பிளாஸ்டிக். அதில் கறுப்பு மையில் ஏறி இறங்கிப் போகும் ஒரே ஒரு கோடு.

"யாரோட ஈசிஜியோ தெரியல. பொழைக்கறது கஷ்டம்."

கோரா அதைப் பிடுங்கி, சுவரிலிருந்த செய்தித்தாள் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் ஒரு தடித்த மனிதன் பிரம்மாண்டமான எல்க் மான் ஒன்றின் கொம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

"இது டெல்பர்ட் ஸ்டகி இல்ல?"

"ஆமா, நாலு வருஷம் முன்னாடி அடிச்சது. மாவட்டத்துலயே பெருசு. ஹோய்ட்டும் அவனும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணாவே சுத்தறவங்க. எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். நேத்துலயிருந்து தேடறவங்களுக்கு அவன்தான் வழி சொல்லிட்டிருக்கான்." மார்லாவின் குரல் லேசாக இளகியது. "சிநேகிதன் படத்த எதிர்ல மாட்டி வெச்சிருக்கான் பாருங்க."

"இது சிநேகிதம் இல்லம்மா" என்றார் கோரா.

வேட்டைக்காரர்களின் படம் எடுக்கும் சாஸ்திரம் ஊருக்கே தெரியும். அடித்த மானோடு படம் எடுக்கும்போது பின்னால் மலைமுகடு தெரியக் கூடாது. தெரிந்தால் எவனாவது அடையாளம் கண்டு அடுத்த வருடம் அங்கே முளைத்துவிடுவான். டெல்பர்ட்டும் விவரமாகத்தான் மண்டியிட்டு, மானின் உடம்பால் பின்புறத்தை மறைத்திருந்தான். ஆனால் கொம்பு பெரிதாகிவிட்டது. இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் கையகல வானம், அதற்குக் கீழே முகட்டின் ஒரு துண்டு. கண்ணாடித் தாளின் கோடு அந்தத் துண்டேதான்.

"இந்தக் கோட்ட திரை மேல ஒட்டிட்டு, மேப்ப தரையில நின்னு பாக்கற மாதிரி சாச்சு, ஒவ்வொரு முகடா வெச்சுப் பாத்திருக்கான்" என்றார் கோரா. "நாலு வருஷம்! வீட்ட விட்டு நகராம சிநேகிதனோட ரகசிய எடத்த எடுத்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மார்லாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

"அப்ப டெல்பர்ட்டக் கேட்டா முடிஞ்சுது" என்றாள் அவள். "இப்ப வந்துடுவான், சாண்ட்விச் எடுத்துட்டுப் போக."

"கேட்டா முடியும்னா அவன் நேத்தே சொல்லியிருப்பானே" என்று முணுமுணுத்தார் கோரா.

*

டெல்பர்ட் பன்னிரண்டரைக்கு வந்தான். இரண்டு நாள் தாடி, தூங்காத கண். வாசலிலேயே நின்று, "ஒண்ணும் கிடைக்கல மார்லா. மேல் ஓடை வரைக்கும் பாத்துட்டோம்" என்றான். கோராவைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டான். ஒரு காலத்தில் அவரிடம் அபராதச் சீட்டு வாங்காத வேட்டைக்காரனுக்கு இந்த ஊரில் மதிப்பே இல்லை. டெல்பர்ட்டுக்கு மூன்று சீட்டு மதிப்பு.

ஃபிரிட்ஜின் மேலிருந்த வயர்லெஸ் செட் கரகரத்தது. மார்லா கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று ஷெரிஃப் வைத்துவிட்டுப் போனது. தேடுபவர்கள் எல்லோரும் பேசும் அதே அலைவரிசை.

"டெல்பர்ட், நேத்து முழுக்க செத்தகழுதை ஓடையிலயே இருந்தியா?" கோராவின் குரலில் அவசரமே இல்லை. ஆனால் கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா மேடம். விடியக்கால ஏறினேன், இருட்டினப்புறம்தான் இறங்கினேன்."

"அந்த ஓடைப் பக்கம் பூரா தீயில எரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு இல்ல? கீழ ஹோய்ட்டோட மேப்புல பாத்தேன். எங்க பாத்தாலும் கரிக்கட்ட. உசிரோட ஒரு மரம் கூடத் தெரியல."

"ஆமா, எல்லாம் போச்சு."

"அப்ப உன் பூட்ஸ் கயித்துல லார்ச் எலை எங்கயிருந்து வந்துச்சு?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். டெல்பர்ட்டும்தான். பூட்ஸ் கயிற்றின் முடிச்சுகளில், பேன்ட் மடிப்பில், மஞ்சள் மஞ்சளாக ஊசி இலைகள். லார்ச் மட்டும்தான் இந்த மாதத்தில் மஞ்சளாகி உதிரும் ஊசியிலை மரம். எரிந்த காட்டில் உதிர்வதற்கு அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது.

கோரா கண்ணாடித் தாளை அவன் முன்னால் வைத்தார். அந்தக் கோட்டை அவன் அடையாளம் கண்டுகொள்ள மூன்று நொடிகூட ஆகவில்லை. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"அந்தத் திருட்டுப் பய" என்றான் மெதுவாக.

"அப்ப உனக்கு சந்தேகம் இருந்துச்சு" என்றார் கோரா.

"போன மாசம் குடிச்சுட்டு என்னையப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சான். அப்பவே நெனச்சேன். ஆனா நான் சும்மா இருக்கல மேடம்! நேத்து எல்லாரையும் ஓடைக்கு அனுப்பிட்டு நான் மட்டும் அங்க போய்ப் பாத்தேன். பாதை ஆரம்பிக்கற எடத்துல இருக்கற இரும்பு கேட்டு கிட்ட அவன் டிரக் இல்ல. உள்ள போற ஒரே வழி அதான். இருந்தாலும் நாலு மணி நேரம் நடந்து உள்ளயும் போனேன். மரத்துக்குள்ள பூரா பாத்தேன். அவன் இல்ல. சத்தியமா அங்க இல்ல."

"கூப்பிட்டியா?"

டெல்பர்ட் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"டெல்பர்ட். பேரச் சொல்லிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டா..." அவன் தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டான். "எல்க் கலைஞ்சிடும். ஒரு தடவ கலைஞ்சா அந்தப் பக்கமே திரும்ப வராது."

கத்தியை மேசையில் வைத்தாள் மார்லா. வைத்த பிறகு பேசினாள், அதற்காக எல்லோரும் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"என் புருஷனத் தேடப் போயிட்டு, மான் பயந்துடும்னு மெதுவா நடந்துட்டு வந்தியா?"

"அவன் அங்க இல்லன்னுதான் மார்லா நெனச்சேன்..."

"அவன் கருவிய சாக்ஸுல சுத்தி வெச்சுட்டுப் போறான். நீ வாய மூடிட்டுத் தேடற. உங்க ரெண்டு பேரையும் ஒரே மூட்டையில கட்டி ஓடையில போட்டாத்தான் எனக்கு ஆறும். டெல்பர்ட், நான் ரெண்டு ராத்திரியா வாசல் வெளக்க அணைக்கல. கொஞ்சம் கூடவா உனக்கு உறைக்கல?"

மணி பன்னிரண்டு ஐம்பது. வெளியே காற்று திசை மாறி, அடுக்களை ஜன்னல் கடகடத்தது.

எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். "எடத்தக் காட்டு" என்றார் கோரா.

டெல்பர்ட் என்னைப் பார்த்தான்.

"இவன் எதுக்கு?"

"நான் வேட்டையாடறதில்லப்பா" என்றேன். "கோழியே நான் பொட்டலத்துலதான் புடிப்பேன்."

"உன் மச்சான் வேட்டையாடுவான் இல்ல? நீ திரும்பி நில்லு."

முதலாளி தலையசைத்தார். ஒரு மனிதனின் உயிர் ஊசலாடும்போது, நான் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிப் பையனாக நின்றேன். பின்னால் டெல்பர்ட்டின் தடித்த விரல் மேப்பைத் தள்ளித் தள்ளி நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"இதான். கெட்டில் பள்ளம்."

நான் திரும்பிவிட்டேன். அவன் தடுக்கவில்லை. அவன் மறந்தே போயிருந்தான், ஏனென்றால் கோரா கண்ணாடித் தாளைத் திரையில் வைத்து மேப்பைச் சாய்த்ததும் முகடு கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மார்லா என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் நகம் சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது.

நாலா பக்கமும் மலை, நடுவில் சின்னதாக ஒரு பள்ளம். தெற்கே டெல்பர்ட்டின் கேட்டிலிருந்து ஒரு பாதை. தென்சரிவில் லார்ச் மரங்கள். அங்கே ஒரு பின்கூட இல்லை.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல" என்றான் டெல்பர்ட். "இங்க வந்திருந்தா என் கேட்டு வழியாத்தான் வரணும்."

"உனக்கு அந்தக் கேட்டு தெரியும். அவனுக்குத் தெரியாதே" என்றார் கோரா. "அவன் இந்த எடத்துல ஒரு தடவ கூடக் கால வெச்சதில்ல. நாலு வருஷமா மேல இருந்து பறவ மாதிரி பாத்துட்டே இருந்திருக்கான். மேல இருந்து பாக்கறவனுக்கு எது கிட்ட? மெர்ல், வடக்குப் பக்கம் தள்ளு."

தள்ளினேன். வட முகட்டுக்குப் பின்னால், கைவிடப்பட்ட மரம்வெட்டிகளின் மண்சாலை முடியும் இடத்தில், தனியாக ஒரு பின். 'வண்டி நிறுத்த எடமில்ல.'

"நிறுத்த எடமில்லாத எடத்துக்கு எதுக்கு ஒரு பின்னு?" என்றேன். அதைத் தட்டியதும் அதிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு சிவப்புக் கோடு பாய்ந்தது. எத்தனை தூரம், எத்தனை நேரம் என்று மூன்று முறை அளந்து வைத்திருந்தான். டெல்பர்ட்டின் வழியில் நான்கு மணி நேரம். இதில் ஐம்பது நிமிடம்.

"எப்படி இவ்வளவு கொறைச்சலா?" மார்லா கேட்டாள்.

"இதோ, முகட்டுல இருந்து குறுக்கால ஒரு நடைபாதை போகுது பாருங்க" என்று நான் விரலை வைத்தேன். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு, பளிச்சென்று தெரிந்தது. ஹோய்ட்டின் சிவப்புக் கோடு அதன் மேலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "மான் நடந்து நடந்து போட்ட பாதை."

டெல்பர்ட் திரைக்கு மிக அருகில் போனான். மூக்கு இடிக்கும் தூரம். அவன் கழுத்தில் வியர்வை அரும்பியது.

"அது பாதை இல்ல" என்றான்.

"பின்ன?"

"பாறை. நேர் செங்குத்துப் பாறை. முகட்டுல இருந்து இறங்கறப்ப கால் வைக்கிற வரைக்கும் தெரியாது. கீழ இருபத்தஞ்சு அடி." அவன் விரலால் அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டான். "தெக்குப் பாத்த பாறை மேடம். சாட்டிலைட்ல கோடையில உச்சி வெயில் நேரத்துல படம் எடுத்திருக்காங்க, ஒரு துளி நிழல் விழல. நிழல் இருந்தா தெரிஞ்சிருக்கும். வெயில்ல பளபளன்னு இருக்கறதால பாதை மாதிரி..."

விடிவதற்கு முன்பே மான் படுக்குமிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சனிக்கிழமை கும்மிருட்டில், நெற்றி விளக்கோடு, கையிலிருக்கும் ஃபோனில் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒருவன் அந்த முகட்டிலிருந்து இறங்குவதை நான் நினைத்துப் பார்த்தேன். அந்த அறையிலிருந்த மற்றவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

"நேத்து நீ எதிர்ச்சரிவுல இருந்த" என்றார் கோரா. "அவன் பாறைக்குக் கீழ கெடந்தா, எவ்வளவு தூரம்?"

"அரை மைல். கூப்பிட்டிருந்தா..." டெல்பர்ட் முடிக்கவில்லை. "பாறைக்கு அடியில புதர் மண்டியிருக்கும். ஹெலிகாப்டர் சும்மா மேல சுத்தினா கண்ணுக்கே தெரியாது. சரியா எங்கன்னு சொல்லணும். அவன் கோடு பாறையோட கிழக்கு முனையிலதான் இறங்குது. அங்க ஒரு வெடிப்பு இருக்கு, அதுக்குக் கீழ."

மார்லா ஏற்கனவே படியேறிக்கொண்டிருந்தாள். நாங்கள் அடுக்களைக்கு வந்தபோது வயர்லெஸ் செட் மேசை மேல் இருந்தது. மைக்கை டெல்பர்ட்டிடம் நீட்டினாள்.

அவன் அதைப் பார்த்தபடி நின்றான். எனக்குப் புரிந்தது. நாற்பது பேர் கேட்கும் அலைவரிசை. நாற்பது பேரும் வேட்டைக்காரர்கள். நாற்பது பேர் சட்டைப்பையிலும் இந்த வருடத்து எல்க் சீட்டு இருக்கிறது.

"ஷெரிஃபுக்கு மட்டும் ஃபோன் போட்டுச் சொன்னா..." என்றான்.

"அவர் ஓடையில இருக்கார். அங்க ஃபோன் எடுக்காது" என்றார் கோரா. "ஒண்ணு பத்து ஆச்சு."

"இருபத்திரெண்டு வருஷம் மேடம். என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. பாதிரியார் கேட்டப்ப சர்ச்சுல நின்னு பொய் சொல்லியிருக்கேன்."

மார்லா கெஞ்சவில்லை. "டெல்பர்ட், அவன் அங்க மேல மூணு நாளா கெடக்கான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டெல்பர்ட் மைக்கை வாங்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஷெரிஃப், டெல்பர்ட் ஸ்டகி பேசறேன். எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. ஹோய்ட் ஓடையில இல்ல. எங்க இருக்கான்னு சொல்றேன், எழுதிக்கோங்க."

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். அட்சரேகை, தீர்க்கரேகை, பாறையின் கிழக்கு முனை, வெடிப்பு, புதர். எதையும் விடவில்லை. கெட்டில் பள்ளம் என்று பெயரையும் சொன்னான். சொல்லி முடித்ததும் அலைவரிசையில் இப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. நாற்பது வாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. பிறகு ஷெரிஃபின் குரல், "திரும்பச் சொல்லு" என்றது. டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டாவது முறையும் சொன்னான்.

*

ஒன்று முப்பத்தைந்துக்கு ஹெலிகாப்டர் கிளம்பியதாகச் செய்தி வந்தது. கோரா மறுபடி நடக்க ஆரம்பித்தார். நான் மேசையிலிருந்த சாண்ட்விச்சில் இரண்டு தின்றேன், என்ன ருசி என்று கேட்டால் தெரியாது. டெல்பர்ட் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றிலிருந்த மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மார்லா சுவரில் சாய்ந்து நின்றாள், உட்காரச் சொன்னால் முறைத்தாள்.

முதல் செய்தி ஒன்று ஐம்பத்தெட்டுக்கு. "வடக்கு மண்ரோட்டுல நீல டிரக் ஒண்ணு தெரியுது."

மார்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த பதினேழு நிமிடம் வெறும் கரகரப்பு. நேரம் முடிந்துவிட்டது, திரும்பிவிடு என்று பைலட்டுக்கு யாரோ சொன்னது நடுவில் கேட்டது. அவன் பதிலே சொல்லவில்லை. அவன் யாராக இருந்தாலும் நன்றாயிருக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே முதல் பனித்துகள்கள், சொன்ன நேரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்பாகவே, அடித்துக்கொண்டு வந்தன.

"ஆள் இருக்கார்."

கோரா நடையை நிறுத்தினார்.

"வெடிப்புக்குக் கீழ, புதருக்குள்ள. சொன்ன அதே எடம். ஒரு ஆள் கயித்துல இறங்கியிருக்கான். உசிரோட இருக்கார். திரும்பச் சொல்றேன், உசிரோட இருக்கார். வலது கால் ஒடஞ்சிருக்கு, துப்பாக்கி மேல பாறை இடுக்குல மாட்டித் தொங்குது, அதான் சுட்டுக் கூப்பிட முடியல, குளிர்ல வெறைச்சுப் போயிருக்கார்."

மார்லா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக வராத அழுகை மொத்தமும் வந்தது. கோரா அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். என் முதலாளி உட்கார்ந்ததை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன்.

"பேசறாரா?" என்றது ஷெரிஃபின் குரல்.

"நல்லாவே பேசறார். ஒரு பிரச்சன." பைலட் தயங்கினான். "ஸ்ட்ரெச்சர்ல ஏற மாட்டேங்கறார். மொதல்ல சத்தியம் பண்ணிக் குடுக்கணுமாம்."

"என்ன சத்தியம்?"

"அவர் எங்க கெடைச்சார்னு டெல்பர்ட்கிட்ட மட்டும் யாரும் சொல்லக் கூடாதாம்."

அலைவரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுக்களையில் எல்லோரும் டெல்பர்ட்டைப் பார்த்தோம். அவன் எழுந்து வந்து, மைக்கை எடுத்து, பட்டனை அழுத்தினான்.

"பைலட், டெல்பர்ட் பேசறேன். சத்தியம் பண்ணிக் குடுத்துடுங்க. டெல்பர்ட்டுக்குத் தெரியாதுன்னு சொல்லி, சீக்கிரம் தூக்கிட்டு வாங்க."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.